அரசு மருத்துவப் பணி அமைந்துள்ள விதம்: நாம் அறிய வேண்டியவை



"அரசாங்கமே இலவசமாக வைத்தியம் பார்க்கிறதே, மிஷன் மருத்துவமனை இன்னும் எதற்கு?" என்று நம்மைத் தாங்கிவருகிற அன்பர்கள் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண, தமிழ்நாட்டில் அரசின் சுகாதாரப் பணியும் சமூக நலப் பணியும் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை முதலில் கவனிப்போம்.

1. கிராமத்திலிருந்து மேல்நோக்கி

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. இங்கே பொறுப்பாயிருப்பவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்வதும், புதன்கிழமைகளில் நடக்கும் தடுப்பூசி முகாமை நடத்துவதும் அவரது வேலை. 1987-ல் தொடங்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியைப் பெறவும் அவரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கு மேலே, 30,000 பேருக்கு (மலையில் 20,000 பேருக்கு) ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அதன்பின் தாலுகா மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று படிகள் உயர்கின்றன. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இந்தப் படிகளை இணைக்கிறது.

2. மூன்று இயக்ககங்கள்

இவையெல்லாம் ஒரே அதிகாரியின் கீழ் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககத்தைச் சேர்ந்தவை. தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளை வேறோர் இயக்ககமும், கல்லூரி மருத்துவமனைகளை மருத்துவக் கல்வி இயக்ககமும் நடத்துகின்றன. நோய்த்தடுப்புக்குத் தனி இயக்ககமும் தனிப் பணியாளர்களும் இருப்பது நம் மாநிலத்தின் பெரிய பலம். 1939-ஆம் ஆண்டின் சென்னை பொது சுகாதாரச் சட்டம் குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகியவற்றைக் கவனிக்கும் கடமையைச் சட்டப்படியே வகுத்துவைத்தது. மருத்துவமனைக் கூட்டத்தைச் சமாளிக்கும் அவசரத்தில் தடுப்புப் பணி மறக்கப்படாதிருக்க இந்தப் பிரிவினை உதவுகிறது.

3. நலப்பணிக்கு வேறு கதவுகள்

ஆனால் நோயாளிக்கு மருந்து மட்டும் போதாதே! பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துபோன கூலித் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டிற்கே வரலாம். அது சுகாதாரத் துறை. ஊனத்திற்கான அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போகவேண்டும். முதியோர் உதவித்தொகைக்குத் தாலுகா அலுவலகம். அது வருவாய்த் துறை. வீட்டிலுள்ள சிறு குழந்தையின் சத்துணவுக்கு அங்கன்வாடி. அது சமூக நலத் துறை. உதவிகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆயினும் நடக்க முடியாதவர்தான் நான்கு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. மனைவி கூட வந்தால் அன்றைய கூலி போய்விடும். எழுதப்படிக்கத் தெரியாவிட்டால் முதல் கதவிலேயே திரும்பிவிடுவார்கள். மாத்திரை நின்றுபோனால் மறுபடியும் பக்கவாதம் தாக்கக்கூடும்.

4. நமது இடம் எது?

ஆகவே, அரசு செய்கிற வேலையை நாமும் இரட்டிப்பாகச் செய்வது நமது நோக்கமாக இருக்கக்கூடாது. தடுப்பூசியை அரசு நன்றாகவே நடத்துகிறது. தாய்மாரை அங்கே அனுப்புவதே சரி. கதவுக்கும் கதவுக்கும் இடையில் விழுந்துபோகிறவர்களைத் தாங்கிப்பிடிப்பதே நமது பங்கு. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கவும், மருத்துவச் சான்று நாளில் துணைக்குப் போகவும், வீடு திரும்பினவரைக் குறித்துக் கிராம செவிலியருக்குச் சொல்லி அனுப்பவும் ஓர் ஆள் வேண்டும். இது கட்டடத்தைப்போலக் கண்ணுக்குத் தெரிகிற வேலை அல்ல. ஆனால் கட்டிலில் கிடைத்த சுகம் வீட்டிலும் நிலைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

தங்கள் ஊரின் கிராம சுகாதார செவிலியர் யாரென்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் படுக்கையாய்க் கிடப்பவர் யாராவது இருந்தால், அவரைப்பற்றி அந்தச் செவிலியரிடம் சொல்லுங்கள். பணம் செலவில்லாத இந்த உதவியை நம்மில் எவரும் செய்யலாம்.