பழைய விசைப்படகு வாங்குமுன் குதிரைத்திறனை எடைபோடுவது எப்படி?

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, மாட்டின் உடற்பருமனை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், இயலுமானால் நுகத்தில் பூட்டியும் பார்க்கிறார். தமது வயலுக்கும் வண்டிக்கும் ஏற்ற மாடுதானா என்று தெளிந்த பின்னரே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசத் தொடங்குகிறார். இத்தனை விவேகம் படைத்த நம் மக்கள், பழைய யந்திரம் ஒன்றை வாங்கும்போது மட்டும் அதன்மேல் பொறித்துள்ள குதிரைத்திறன் எண்ணைக் கண்டு மயங்கிவிடுகின்றனர். விசைப்படகு விஷயத்தில் இம்மயக்கம் பண நஷ்டத்தோடு நிற்பதில்லை. உயிர்ச் சேதத்துக்கும் வழிகோலும்.

கடலோரமல்லாத நம் பகுதிக்குப் படகு எதற்கு என்று கேட்கலாம். பழைய செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகளுக்குப் பெயர்பெற்றது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களைச் சுற்றி இன்றும் ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் உள்ளன. கூவமும் அடையாறும் இப்பக்கத்து நீரைத்தான் கடலுக்குக் கொண்டு செல்கின்றன. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 2015 டிசம்பர் 1ஆம் தேதி வினாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் வெளியேறியதையும், அடையாற்றங்கரை மக்கள் பட்ட துன்பத்தையும் எவரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர், ஆவடிப் பகுதிகளின் தாழ்வான தெருக்களில் மீண்டும் வெள்ளம் சூழ்ந்தது. எனவே, தங்கள் பகுதிக்கென ஒரு படகு வேண்டும் என்று பஞ்சாயத்துக்கள் எண்ணுவது நியாயமே.

அண்மையில் எங்கள் பகுதியில் நடைபெற்ற வெள்ள ஆயத்தக் கூட்டம் ஒன்றில், கடற்கரையோர உல்லாசத் துறையொன்றில் ஓடிய பழைய வேகப்படகு விலைக்கு வந்திருப்பதாக ஓர் உறுப்பினர் தெரிவித்தார். “115 குதிரைத்திறன் ஐயா! இந்த விலைக்கு இனிக் கிடைக்காது” என்றார். அவையிலிருந்த பலரும் ஆமோதித்தனர். முதிய விவசாயி ஒருவர் மட்டும், “எங்கள் கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டாரைக் கழற்றிவிட்டு 10 வைத்தோம், அரை மணியில் கிணறு வற்றி, மோட்டார் வெறுமே ஓடியது. ஊற்றைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்தோம்” என்றார். இக்கட்டுரையின் சாரம் முழுவதும் அப்பெரியவர் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. எனினும் விவரமாக ஆராய்வோம்.

குதிரைத்திறன் என்பது என்ன?

550 பவுண்டு எடையை ஒரு வினாடியில் ஓரடி உயரம் தூக்கும் வேலையே ஒரு குதிரைத்திறன் எனப்படும். மின்சாரக் கணக்கில் அது ஏறத்தாழ 746 வாட். ஆகவே அது வேலை செய்யும் வேகத்தின் அளவேயன்றி, படகு ஓடும் வேகத்தின் அளவன்று. ஒரே இஞ்சின் ஒரு படகைப் பறக்கச் செய்யும். மற்றொன்றை நகர்த்தவே திணறும். வேறுபாடு படகின் அடிப்பாகத்திலும் எடையிலும் உள்ளது.

படகின் அடிப்பாகம்

படகுகளில் இரு வகை உண்டு. முதல் வகை, நீரை விலக்கிக்கொண்டு அதனுள் அமிழ்ந்தே செல்வது. நம் நாட்டு வள்ளங்கள் இவ்வகையின. இதன் வேகத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளம் 16 அடியானால் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரும், 25 அடியானால் சுமார் 12 கிலோமீட்டருமே அவ்வெல்லை. அதற்குமேல் எத்தனை குதிரைத்திறனை ஏற்றினாலும், படகு தானே எழுப்பிய அலையின்மீது ஏற முயன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்குமே தவிர விரைந்து செல்லாது.

இரண்டாம் வகை, தட்டையான அல்லது ஆப்பு வடிவ அடிப்பாகம் உடையது. போதிய விசை கிடைத்தால் இது நீரின்மேல் எழும்பி வழுக்கிச் செல்லும். வேகப்படகுகள் யாவும் இவ்வகையே. எழும்புவதற்கு, மொத்த எடையில் ஏறத்தாழ 18 கிலோவுக்கு ஒரு குதிரைத்திறனாவது வேண்டும் என்பது படகோட்டிகள் கைக்கொள்ளும் உத்தேசக் கணக்கு.

எடையோடு சேர்த்து எண்ணுக

ஓர் உதாரணம் காண்போம். படகு 300 கிலோ. 30 குதிரைத்திறன் இஞ்சின் 70 கிலோ. எரிபொருள், கயிறு, உயிர்காப்புச் சட்டைகள் 30 கிலோ. ஆக 400 கிலோ. இருவர் ஏறினால் மொத்தம் 530 கிலோ. 30ஆல் வகுத்தால், ஒரு குதிரைத்திறனின் பங்கு சுமார் 18 கிலோ. படகு எழும்பிப் பாயும். விற்பவர் நம்மை ஏற்றிக்கொண்டு இவ்வாறுதான் ஓட்டிக் காட்டுவார்.

இப்போது அதே படகில் எட்டுப் பேர் ஏறட்டும். ஆளுக்கு 65 கிலோ வீதம் 520 கிலோ சேர, மொத்தம் 920 கிலோ. குதிரைத்திறன் ஒன்றின் பங்கு சுமார் 31 கிலோவாகிவிடும். இனிப் படகு எழும்பாது. முகம் உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து, பேரலையை எழுப்பிக்கொண்டு ஊர்ந்து செல்லும். மீட்புப் படகு வெறுமையாகப் போய்ச் சுமையோடு திரும்புவது. ஆதலால் வெறும் படகின் வேகம் நமக்கு உதவாத கணக்கு.

அப்படியானால் மேலும் பெரிய இஞ்சினைப் பொருத்தலாமே எனில், அங்கும் எல்லை உண்டு. படகு கட்டியவர் அது தாங்கும் அதிகபட்சக் குதிரைத்திறனையும் ஆட்களின் எண்ணிக்கையையும் தகட்டில் பொறித்திருப்பார். அதை மீறினால் இஞ்சினைத் தாங்கும் பின்பலகை பிளக்கலாம். திருப்பத்தில் படகு கவிழலாம். தகடு இல்லாத படகாயின், கட்டிய இடத்தில் விசாரித்து அறியாமல் வாங்குதல் தகாது.

வெள்ளநீரின் இயல்பு

திறந்த கடலும் மூழ்கிய தெருவும் ஒன்றல்ல. தெருவில் நீரின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். நீருக்கடியில் மதிற்சுவர், கம்பி வேலி, கைப்பம்பு, வாகனம் எதுவும் இருக்கலாம். இரண்டடிக்கும் குறைந்த நீரில் வெளிப்பொருத்து இஞ்சினின் விசிறி தரையில் மோதக்கூடும். பெரிய இஞ்சின் எழுப்பும் அலை, ஊறிப்போன மண்சுவரைச் சாய்க்கும். இடுப்பளவு நீரில் நிற்பவரை வீழ்த்தும்.

2015இல் நான் வேறோர் ஒன்றியத்தில் விரிவாக்கப் பணியில் இருந்தேன். அங்கு லாரியில் வந்திறங்கிய பெரிய இஞ்சின் படகு ஒன்று, இரண்டு தெருக்களைக் கடப்பதற்குள் மூழ்கியிருந்த சுற்றுச்சுவரில் மோதி விசிறியை இழந்தது. சிறுநீரகச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டிய பெரியவர் ஒருவர் மாடியில் காத்துக்கிடந்தார். முடிவில் நான்கு இளைஞர்கள் மூங்கிற்கழியால் ஊன்றியே அப்படகைச் செலுத்தி அவரைக் கரைசேர்த்தனர். ஒன்றரை மணி நேரம் வீணாயிற்று. குதிரைத்திறன் குறைவால் நேர்ந்த தாமதமன்று அது, மிகுதியால் நேர்ந்தது.

அதற்காகத் திறன் குறைந்த இஞ்சினே போதும் என்று முடிவு கட்டுவதும் பிழை. வினாடிக்கு 2 மீட்டர் ஓடும் வெள்ளத்தின் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மணிக்கு 10 கிலோமீட்டர் செல்லும் படகு அதை எதிர்த்து 3 கிலோமீட்டர்கூட முன்னேறாது. ஆதலின் ஆற்றோரக் கிராமங்களுக்கு ஓரளவு மிகுதியான விசையும், உட்தெருக்களுக்கு இலேசான படகும் வேண்டும். நம் கடற்கரையின் பைபர் படகுகளில் 10 குதிரைத்திறன் அளவிலான டீசல் இஞ்சினை நெடுந்தண்டோடு பொருத்தியிருப்பதைக் காணலாம். ஆழம் குறையும்போது தண்டைத் தூக்கிக்கொள்ள இயல்வது அதன் சிறப்பு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரள மீனவர்கள் 600க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகளை லாரிகளில் ஏற்றிச் சென்று பல்லாயிரம் மக்களை மீட்டனர். அவை பந்தயப் படகுகளல்ல. அன்றாட உழைப்புப் படகுகளே.

எழுதிய திறனும் எஞ்சிய திறனும்

தகட்டிலுள்ள எண் இஞ்சின் புதிதாக இருந்தபோது பெற்றிருந்த திறன். தேய்மானமும் உப்புநீரும் அதில் எவ்வளவு தின்றுள்ளன என்பதை அறியக் கீழ்க்கண்ட சோதனைகளைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

1. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவியால் பார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று 10 சதவிகிதத்துக்குமேல் வேறுபட்டால், அந்த இஞ்சின் தகட்டிலுள்ள திறனைத் தராது.

2. அடிப்பெட்டியின் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. உலோகத் துகள் மின்னினால் பற்சக்கரம் தேய்கிறது.

3. ஓடும்போது குளிர்நீர்த் தாரை தடையின்றிப் பீச்ச வேண்டும். தாரை மெலிந்தால் இஞ்சின் சூடேறிக் கெடும்.

4. பின்பலகையைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓசை மந்தமாகவோ, பலகை ஈரமாகவோ இருந்தால் உள்மரம் உளுத்திருக்கலாம். பலகையின் உயரமும் இஞ்சின் தண்டின் நீளமும் பொருந்த வேண்டும். 15 அங்குலம், 20 அங்குலம் என்பன வழக்கமான அளவுகள்.

5. இறுதியாகச் சுமையோடு ஓட்டம். 75 கிலோ நெல் மூட்டை ஏறத்தாழ ஓர் ஆளின் பாரத்துக்குச் சமம். தகடு அனுமதிக்கும் எடைக்குள் மணல் மூட்டைகளை ஏற்றி அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். முழு விசையில் இஞ்சின், அதன் கையேடு குறிக்கும் சுழற்சி எண்ணிக்கையை எட்ட வேண்டும். எட்டாவிடில் இஞ்சின் தளர்ந்திருக்கலாம், அல்லது விசிறியின் புரி அளவு பொருந்தாதிருக்கலாம். புரியை ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுழற்சி வரை கூடும். சுமை இழுக்கப் புரி குறைந்த விசிறியே ஏற்றது.

இச்சோதனையை விற்பவர் இடத்திலேயே நடத்துக. செம்பரம்பாக்கம் சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் ஏரி. அதில் எண்ணெய் சிந்தும் இஞ்சினை இறக்குதல் கூடாது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து எரிக்கும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின்களில், எரியாத எண்ணெயின் ஒரு பகுதி நீரிலேயே கலந்துவிடுகிறது என்பதையும் நினைவிற் கொள்க.

வாங்கிய பின் ஆகும் செலவு

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாகாது. வெளிப்பொருத்துப் பெட்ரோல் இஞ்சின் முழு விசையில் ஓடினால், 10 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 4 லிட்டர் எரிபொருள் வேண்டும். 115 குதிரைத்திறனுக்கு 40 லிட்டருக்கும் மேலாகும். வெள்ளத்தின்போது பெட்ரோல் பங்குகளே மூடிக்கிடக்கும் நிலையில், இதை எங்கிருந்து கொண்டுவருவது? மேலும் ஆண்டில் பதினொரு மாதம் படகு கொட்டகையில்தான் இருக்கும். இன்றைய பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்துள்ளது. அது ஈரத்தை ஈர்ப்பது. பழைய இஞ்சின்களின் ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரையும் கெடுக்கக்கூடியது. ஆதலால் ஓட்டம் முடிந்ததும் எரிபொருளை வடித்துவிடுவதும், மாதம் ஒரு முறை இயக்கிப் பார்ப்பதும், இரண்டு இளைஞர்களை ஓட்டுநர்களாகப் பழக்கி வைப்பதும் இன்றியமையாதவை.

யந்திரத்தால் இயங்கும் உள்நாட்டுக் கலங்களைப் பதிவு செய்தல் பற்றி 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் விதித்துள்ளது. படகின் பதிவுச் சான்றையும், இஞ்சின் எண்ணும் ரசீது எண்ணும் ஒத்திருப்பதையும் சரிபார்த்து, மேலதிகாரிகளின் முன்அனுமதி பெற்ற பின்னரே பொதுப்பணத்தைச் செலவிடுதல் வேண்டும்.

முடிவுரை

முற்கூறிய கூட்டத்தில், வேகப்படகை வாங்கும் யோசனை கைவிடப்பட்டது. எத்தனை பேரை, எவ்வளவு ஆழமுள்ள நீரில், எத்தனை தூரம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் விடை எழுதுவது என்றும், அவ்விடைக்கு ஏற்ற படகையே தேடுவது என்றும் உறுப்பினர்கள் தீர்மானித்தனர். கிணற்றுக் கதை சொன்ன பெரியவரையும் சோதனை ஓட்டத்துக்கு உடனழைத்துச் செல்வதாக முடிவாயிற்று.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. குதிரைத்திறனைத் தகட்டில் படித்து மகிழாமல், சுமையோடும் நீரோடும் வைத்து எடைபோடுங்கள். மாடியில் நின்று கைகாட்டுபவருக்கு வேண்டுவது விரைந்து பாயும் படகன்று. தவறாமல் வந்து, தவறாமல் கரைசேர்க்கும் படகே.