ஜப்பானியர் வணக்கமும் விடைபெறுதலும்

நமக்கு 'வணக்கம்' என்ற ஒரு சொல் இருந்தால் போதும். காலை, மாலை, இரவு, கூட்டத் தொடக்கம், கூட்ட முடிவு எல்லாவற்றையும் அதைக் கொண்டே நடத்திவிடுவோம். ஜப்பானியரிடம் அது நடக்காது. வேளைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, வாசற்படிக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். இவற்றை நாங்கள் கற்க நேர்ந்தது ஆசையினால் அல்ல. முதல் வகுப்பிலிருந்து எங்களோடு படித்து வந்த தோழி ஒருத்தி இவ்வாண்டு யொகொஹாமா நகருக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. அவள் தந்தைக்கு அங்கே வேலை. மூன்றாண்டுகள் கழித்துத்தான் திரும்புவார்கள். "அங்கே யாரிடம் என்ன பேசுவேன்?" என்று அவள் அழுதபோது, நாங்களும் சேர்ந்து படிக்கிறோம் என்று வாக்களித்துவிட்டோம். மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடிதான் எங்கள் வகுப்பறை.

காலையில் சொல்வது 'ஒஹயோ கொஸைமஸ்'. 'சீக்கிரம்' என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது இது. "இவ்வளவு சீக்கிரமாக வந்துவிட்டீர்களே" என்று பாராட்டுவதுபோல. தோழியிடம் வெறும் 'ஒஹயோ' போதும். ஆசிரியையிடம் அப்படிச் சொன்னால் நாம் சிஸ்டரிடம் "என்ன, வந்தாச்சா?" என்று கேட்டதற்குச் சமம், 'கொஸைமஸ்' கட்டாயம் சேர வேண்டும். பகலில் 'கொன்னிச்சிவ', மாலையில் 'கொம்பன்வ'. இவை இரண்டும் பாதியில் நின்றுவிட்ட வாக்கியங்கள். "இன்றைய நாளோ...", "இன்றைய மாலையோ..." என்று தொடங்கி, மீதியைக் கேட்பவரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வியப்பு என்னவென்றால், வீட்டில் அம்மாவுக்குக் காலையில் 'ஒஹயோ' சொல்லலாம். 'கொன்னிச்சிவ' சொல்லக் கூடாது. அது வெளியாரிடம் சொல்வது. படுக்கப் போகும்போது 'ஒயஸுமி நஸை', அதாவது ஓய்வெடுங்கள்.

உச்சரிப்பில் தமிழ்ப் பெண்களுக்கு ஓர் ஆதாயம் உண்டு. குறில் நெடில் வேறுபாடு அவர்களுக்கும் உயிர்நாடி. 'ஒபஸன்' என்றால் அத்தை அல்லது சித்தி. 'ஒபாஸன்' என்று நீட்டினால் பாட்டி! அத்தையைப் பாட்டியாக்கினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கைகூப்பும் பழக்கத்தை மட்டும் நாம் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆளைக் கண்டால் அவர்கள் இடுப்பிலிருந்து குனிகிறார்கள். சாதாரணமாக 15 பாகை, மரியாதைக்கு 30, மிகுந்த பணிவுக்கும் மன்னிப்புக்கும் 45 என்று கணக்கே இருக்கிறது. எங்களில் ஒருத்தி பாகைமானியை எடுத்து வந்து அளந்து பார்த்தாள். பெண்கள் கைகளை முன்னே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குனிவர். பலர் கைகூப்புவது சாப்பாட்டின் முன்னேதான். அப்போது 'இததகிமஸ்', பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பர். உண்டு முடித்ததும் 'கொச்சிஸோஸம'. இதில் 'ஓடியாடுதல்' என்ற பொருள் மறைந்திருக்கிறதாம், விருந்துக்காக அங்குமிங்கும் அலைந்து பொருள் சேர்த்தவருக்கு நன்றி. நாம் நம் வீட்டில் தட்டைக் கழுவப் போடுவதோடு சரி.

இனி விடைபெறுதல். இங்கேதான் நாங்கள் தவறினோம். ஜப்பானிய மொழியில் எல்லாருக்கும் தெரிந்த சொல் 'சயோனரா'. 1966-இல் வந்த 'லவ் இன் டோக்கியோ' என்ற இந்திப் படப் பாட்டால் எங்கள் பாட்டிமாருக்கும் தெரியும். ஆகவே பிரிவுபசாரத்துக்காகப் பெரிய அட்டையில் ஹிரகானா எழுத்தில் அதையே எழுதி, சுற்றிலும் செர்ரிப் பூ வரைந்து, மூன்று நாட்கள் செலவிட்டோம். தோழி அதைப் படமெடுத்துத் தந்தைக்கு அனுப்பினாள். அன்று இரவே அவர் தொலைபேசியில் அழைத்தார். 'சயோனரா' என்பதன் வேர்ப்பொருள் "அப்படியானால்" என்பது. பள்ளி முடியும்போது பிள்ளைகள் ஆசிரியரிடம் சொல்வதுண்டு. மற்றபடி, இனி எப்போது காண்போமோ என்ற நீண்ட பிரிவின் சாயல் அதில் படிந்துவிட்டது; நாளை பார்க்கப் போகும் தோழிக்கு 'ஜா நெ' என்பதுதான் வழக்கம் என்றார். எங்களுக்கு முகம் சுண்டிவிட்டது.

அப்போது அவரே இன்னொரு சோடிச் சொற்களைக் கற்றுத் தந்தார். வீட்டைவிட்டுப் புறப்படுகிறவர் 'இத்தெகிமஸ்' என்பார். இருப்பவர் 'இத்தெரஷ்ஷை' என்பார். நம் "போய் வருகிறேன்", "போய் வா" அப்படியே! 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால் நம் பாட்டிமார் பதறுவார்களே, அங்கும் அந்த 'வருகிறேன்' சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திரும்பி வந்ததும் 'ததைம', இதோ வந்துவிட்டேன். உள்ளிருந்து 'ஒகயெரி நஸை', வா, வா. ஆனால் இவை வீட்டிலிருந்து புறப்பட்டு, அங்கேயே திரும்பி வருகிறவருக்கு உரியவை. பள்ளியில் நாங்கள் சொல்லலாமா என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாமலிருந்து, "சொல்லுங்கள் அம்மா" என்றார்.

அட்டையின் பின்புறத்தில் மறுபடி எழுதினோம். 'இத்தெரஷ்ஷை'க்கு எட்டு எழுத்துகள். அவற்றுள் மூன்றைச் சிறிதாக எழுத வேண்டும். ஒற்று இரட்டிப்பதைக் காட்டும் 'ட்ஸு' என்ற எழுத்தைப் பெரிதாக எழுதிவிட்டால் 'இட்ஸுதெ' என்று வேறு விதமாகப் படிக்க நேரும். ஒருமுறை அப்படி எழுதிவிட்டு, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டித் திருத்தினோம்.

கடைசி நாளன்று மணி அடித்தபின் எல்லாரும் வாசல் வரை நடந்தோம். அவள் பையை இறக்கி வைத்தாள். கைகளை முன்னே சேர்த்து நன்றாகக் குனிந்தாள். 45 பாகைக்குக் குறையாது. 'இத்தெகிமஸ்' என்று தெளிவாகச் சொன்னாள். நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பழகியிருந்தோம். பாதிப் பேருக்குக் குரல் எழவில்லை. சிஸ்டர்தான் எங்களை முந்திக்கொண்டு, சிறிது தவறாக, 'இத்தெரஷை' என்றார்கள்.

அட்டை எங்கள் வகுப்பின் பின்சுவரில் இருக்கிறது. 'ததைம'வுக்கு என்ன எழுத்துகள் என்று இப்போதே எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறோம்.