கறிதோசைக்கு நாலு மணி ஆகாது

மதுரையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குக் கடைப் பெயர் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். மணியைத்தான் சொல்கிறேன். சிம்மக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவன். இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. வேளை தப்பினால் எவ்வளவு பேர்பெற்ற கடையிலும் மிச்சம்மீதிதான். இதை ஒத்துக்கொள்ளாத ஆள் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, தங்கையின் கணவர், சென்னைவாசி. போன கோடையில் வேன் நிறைய ஆட்களோடு வந்து போனவர், ஊர் திரும்பியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “மதுரைச் சாப்பாடு சும்மா பில்டப்” என்று போட்டார். வரிசையாகக் கட்டைவிரல் விழுந்தது. அதில் என் தங்கையுடையதும் ஒன்று.

அன்று நடந்தது இதுதான். மத்தியானத்துக்கு நான் நினைத்து வைத்திருந்தது தல்லாகுளம் சந்திரன் மெஸ். பன்னிரண்டரைக்கே இலையில் உட்கார்ந்துவிட வேண்டும், அயிரை மீன் குழம்பு தீர்ந்துபோகும் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட்டேன். அயிரை, சுண்டுவிரல் அளவுகூட வராத நன்னீர் மீன். உயிரோடு வாங்கிப் பாலில் விட்டு, வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்க வைத்து, உரசிக் கழுவி, அப்புறம்தான் புளிக் குழம்பில் போடுவார்கள். முள்ளோடு மென்று தின்பது. இத்தனை பாடுள்ள மீனை அண்டா அண்டாவாக யாரும் ஆக்கி வைப்பதில்லை. கிலோ ஆட்டுக்கறி விலைக்கும் மேலே போகும்.

மாப்பிள்ளைக்குச் செல்போனில் நட்சத்திரம் எண்ணும் வியாதி. ரிங் ரோட்டில் ஏசி, வண்டி நிறுத்த இடம், குழந்தைகளுக்கு ஊஞ்சல் என்று ஓர் ஓட்டலைக் கண்டுபிடித்தார். “எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குது பாருங்க மச்சான்” என்றார். வீட்டு மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச முடியுமா? “உங்க இஷ்டம் மாப்பிள்ள” என்றேன். சாப்பாடு மேசைக்கு வரும்போது மணி மூன்று. ஆறிப்போன பிரியாணி, கோபி மஞ்சூரியன், நாலு விதமான நான். அயிரை இருக்கா என்று கேட்டதற்குச் சர்வர், “அப்பல்லோ ஃபிஷ் இருக்கு சார்” என்றார். பில்லை நான்தான் கட்டினேன். அந்தக் காசுக்கு வேன் மொத்தமும் மெஸ்ஸில் குழம்பு குழம்பாக மாற்றிச் சாப்பிட்டு, சுக்காவும் கோலா உருண்டையும் பார்சல் வாங்கியிருக்கலாம்.

அதோடு விட்டாரா? வயிறு முட்டியிருக்கும்போதே, நாலு மணிக்குக் கறிதோசை வேண்டும் என்றார். தடிமனான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கறி, திருப்பிப் போட்டு அழுத்தி எடுப்பது. ஒரு தோசையே ஒரு வேளைச் சாப்பாடு. அதுவும் ராத்திரிச் சாப்பாடு. கிடைக்காத கோபத்தில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கி ஊற்றினார். திரும்பும் வழியில் வேனில் யார் யார் வாந்தியெடுத்தார்கள் என்பதை எழுத மாட்டேன். குழுவில் அவரும் எழுதவில்லை.

ஆகவே நான் சொல்கிறபடி வாருங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில்தான் வந்து இறங்குவீர்கள். விடிகாலையில் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் பருத்திப்பால், சுக்கும் கருப்பட்டியும் போட்டது. முருகன் இட்லிக் கடை பிறந்தது இங்கேதான் என்றாலும் சென்னையிலேயே சாப்பிட்டிருப்பீர்கள், விட்டுவிடலாம். கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கவிச்சி சாப்பிட்ட வயிற்றோடு மீனாட்சியைப் பார்க்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடுவதில்லை. வண்டி பிடித்திருந்தால் வெளியே நிறுத்திவிட்டு நடங்கள், பசியும் எடுக்கும்.

மத்தியானம் மெஸ், நேரம் மேலே சொன்னதுதான். பிறகு ஒரு தூக்கம் போடுங்கள். மாலை டிபனுக்கு மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடையில் வெள்ளை அப்பமும் காரச் சட்னியும். அலங்காரம் கிடையாது, அதனால்தான் மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அங்கிருந்து விளக்குத்தூண் வரை நடந்தால் ஜிகர்தண்டாவுக்கு வயிற்றில் இடம் வந்துவிடும். பாதாம் பிசினும் நன்னாரியும் சுண்டக் காய்ச்சிய பாலும் தாகத்துக்கானவை, சாப்பாட்டின் மேல் ஊற்றுவதற்கல்ல. அந்தத் தூண், கோட்டை மதிலை இடித்து ஊரைத் திறந்துவிட்ட கலெக்டர் பிளாக்பர்ன் பேரில் நட்டது. அண்ணாந்து பார்க்க ஆளில்லை, எல்லோர் கண்ணும் டம்ளரில்.

ராத்திரிதான் சிம்மக்கல் கோனார் கடை. ஆளுக்கு ஒரு கறிதோசை போதும், இரண்டாவது சொல்லாதீர்கள். ரயிலுக்குப் போகிற வழியில் பிரேமா விலாஸில் சூடான அல்வாவை இலையில் வாங்கி நின்றபடியே தின்றுவிடுங்கள். பெட்டியில் வாங்கிப்போய் மறுநாள் திறந்துவிட்டு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை ஒட்டி வருவதாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. ஊரே தெருவில் இருக்கும், எந்த மெஸ்ஸிலும் இலை கிடைப்பது பாடு. அந்த வாரம் அழகரைப் பார்க்க வாருங்கள். சாப்பிடுவதற்கென்று வேறு ஒரு நாள் வாருங்கள், ஆள் குறைவாக.