சக்கர நாற்காலியும் தனுஷ்கோடி மணலும்

விடுமுறை வந்தால் இரண்டு நாள் எங்கேயாவது போய் வருவது பல குடும்பங்களில் வழக்கம். பையை எடுத்தோமா, பஸ் ஏறினோமா என்று கிளம்பி விடுகிறோம். ஆனால் குடும்பத்தில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால் எதையெல்லாம் முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இராமநாதபுரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இராமேசுவரத்துக்கு எங்கள் அத்தையோடு ஒரு சனி, ஞாயிறு போய் வந்தோம். அதில் கற்றவற்றைக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் இயற்பியலும் சேர்த்துத் தோழிகளுக்காக எழுதுகிறேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா, 1960-இல் பிறந்தவர்கள். தாத்தா தனுஷ்கோடியில் ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். அத்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கிருந்த தேவாலயத்தில்தான். மூன்றாவது வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. வைத்தியத்துக்காகத் தாத்தா மாற்றல் வாங்கிக் கொண்டு குடும்பத்தோடு இராமநாதபுரம் வந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் கடலுக்கு இரையாயிற்று. “என் கால் போனதால்தான் நம் குடும்பம் பிழைத்தது” என்று அத்தை சிரித்துக் கொண்டே சொல்வார்கள். கேட்கிற எங்களுக்குத்தான் சிரிப்பு வராது.

அந்தத் தேவாலயத்தின் சுவர்களை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அத்தையின் நெடுநாள் ஆசை. “அங்கே வெறும் மணல், நீ எப்படி வருவாய்?” என்பதே வீட்டில் எப்போதும் கிடைத்த பதில். அக்காலத்தில் அது பொய்யுமன்று. 1914-இல் திறந்த ரயில் பாலம் ஒன்றே நெடுங்காலம் தீவுக்கு வழியாக இருந்தது. ரயில் பெட்டியின் செங்குத்தான படிகளில் கால் நடவாதவர் ஏற யாராவது தூக்கிவிட வேண்டும். வாகனங்கள் செல்லும் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அதன் பிறகும் தனுஷ்கோடியின் கடைசிப் பகுதிக்கு மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கித்தான் போக வேண்டும். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது 2017-இல். அதாவது, அந்த ஆண்டே ‘முடியாது’ என்பதற்குக் காரணம் தீர்ந்துவிட்டது. ஆனால் வீட்டில் ‘முடியாது’ என்று சொல்லும் வழக்கம் மட்டும் தீரவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது; சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

வாடகைக் காரில் புறப்பட்டோம். நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்தோம். குறுக்குக் கம்பிகள் கத்தரிக்கோல் போல மடங்கும் இந்த நாற்காலி 1930-களில் அமெரிக்காவில் உருவானது. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும், அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் சேர்ந்து செய்தது. அதற்கு முன் இருந்த கனத்த நாற்காலிகளைக் காரில் ஏற்றுவது எளிதன்று. தன் தேவையைத் தானே அறிந்த ஒருவர் உடனிருந்ததால் வந்த கண்டுபிடிப்பு இது.

பாம்பனில் காரை மெதுவாக ஓட்டச் சொன்னோம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக மேலே எழும் என்று அப்பா விளக்கினார்கள். “பாலத்துக்கே லிஃப்ட் வைத்துவிட்டார்களா!” என்றார்கள் அத்தை.

தங்குமிடத்தில்தான் முதல் பாடம். அப்பா தொலைபேசியில் கேட்டபோது, “எல்லா வசதியும் உண்டு, லிஃப்ட் இருக்கிறது” என்றார்கள். லிஃப்ட் இருந்தது உண்மை. வாசலுக்கும் லிஃப்டுக்கும் நடுவே மூன்று படிகள் இருந்தன என்பதும் உண்மை. குளியலறைக் கதவின் அகலம் 60 சென்டிமீட்டர். அத்தையின் நாற்காலி 65. ‘வசதி’ என்று அவர்கள் சொன்னது வெந்நீரையாம்.

“ஒரு பலகையைப் போட்டு ஏற்றிவிடலாம்” என்றார் ஒருவர். கணக்குப் பார்ப்போம். சாய்தளம் எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலும் பொதுவாகப் பின்பற்றும் அளவு 12-க்கு 1. ஒரு சென்டிமீட்டர் உயர 12 சென்டிமீட்டர் நீளம். கோணமாகச் சொன்னால் ஐந்து பாகைக்கும் குறைவு. படி ஒன்று 18 சென்டிமீட்டர் என்றால் மூன்று படி 54 சென்டிமீட்டர். 54-ஐ 12-ஆல் பெருக்க, 648 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறரை மீட்டர் வேண்டும். அவர் கொண்டு வந்த பலகை இரண்டு மீட்டர். அதை வைத்தால் ஏறக்குறைய 16 பாகைச் சரிவு. தள்ளுகிறவர் சறுக்கினால் நாற்காலி பின்னோக்கி உருண்டுவிடும். முக்கோணவியலை எதற்குப் படிக்கிறோம் என்று வகுப்பில் முணுமுணுத்திருக்கிறேன். இனி முணுமுணுக்க மாட்டேன்.

இப்படி நாங்கள் கணக்குப் போட்டுக் கொண்டிருக்கையில், வழியில் போன இருவர் நல்லெண்ணத்தோடு ஓடி வந்து, ஒரு வார்த்தை கேளாமல், நாற்காலியை இருபுறமும் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் பிடித்தது கழற்றக்கூடிய கைப்பிடி. அது கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கம் சாய, அத்தை விழ இருந்தார்கள். அப்பா தோளைக் கொடுத்துத் தாங்கினார்கள். அந்த இருவரும் வெலவெலத்துப் போனார்கள். அத்தை அவர்களைக் கோபிக்கவில்லை. “தம்பி, நாற்காலியில் நான் இருக்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் எங்கே பிடிக்கணும்னு சொல்லியிருப்பேனே” என்று மட்டும் சொன்னார்கள். அந்தக் குரலில் இருந்த நடுக்கம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே தோழிகள் இதை மனத்தில் கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டும். கைப்பிடியையும் கால்மிதியையும் பிடித்துத் தூக்கக் கூடாது. அசையாத இரும்புச் சட்டத்தையே பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பி, சற்றுச் சாய்த்து, பெரிய சக்கரங்களைப் படியோடு படியாக மேலே இழுக்க வேண்டும். இறங்கும்போது நாற்காலி முன்னோக்கியே இருக்க, அதை நன்றாகப் பின்னால் சாய்த்துப் பிடித்து, பெரிய சக்கரங்களைப் படியோடு படியாக இறக்க வேண்டும். சாய்க்காமல் முன்னோக்கி இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் குப்புற விழ நேரிடும்.

நாங்கள் வேறு விடுதியில் தரைத்தள அறை தேடிப் போனோம். இம்முறை அப்பா கையில் அளவு நாடா இருந்தது. இரவு ஜெபம் முடிந்தபின், மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. கப்பர்நாகுமில் முடக்குவாதக்காரர் ஒருவரை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் வாசல் வழி நுழைய முடியவில்லை. கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவரை இயேசு பெருமான் முன் இறக்குகிறார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தைப் பற்றிப் பிரசங்கங்களில் எத்தனையோ கேட்டிருக்கிறோம். அத்தை கேட்டதோ வேறு: “கூரை வழியாக இறக்கட்டுமா என்று அந்த மனிதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?” யாருக்கும் பதில் தெரியவில்லை. “கேட்டிருப்பார்கள். நண்பர்கள்தானே” என்று அத்தையே சொல்லிக் கொண்டார்கள். சிறிது நேரம் கழித்து, “வீட்டுக்காரன் என்ன சொன்னானோ!” என்றார்கள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் காலை இராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிராகாரத்தைப் பார்த்தோம். 1212 தூண்கள் என்பார்கள். தூண்கள் எல்லாம் இருபுறமும் மேடையில் வரிசையாக நிற்க, நடுவில் நீண்ட தரை சமமாகக் கிடக்கிறது. நிலைப்படிகளில் மட்டும் தூக்கினோம். மற்ற இடத்தில் அத்தை தாமே சக்கரத்தைத் தள்ளிக் கொண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டார்கள். இரண்டு நாளில் அவர்கள் எங்களுக்காகக் காத்து நின்ற இடம் அது ஒன்றுதான்.

பேக்கரும்பில் உள்ள டாக்டர் அப்துல் கலாம் நினைவிடத்தில் அத்தை நெடுநேரம் இருந்தார்கள். காரணம் உண்டு. சிறு வயதில் அவர்களுக்கு இரும்பும் தோலுமான காலிப்பர் மாட்டி நடக்கப் பழக்கினார்களாம். அதன் கனம் தாங்காமல் அழுவார்களாம். கலாம் அவர்கள் ஐதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது, நிஜாம் மருத்துவ நிலையத்தில் இதேபோல் மூன்று கிலோவுக்கு மேற்பட்ட காலிப்பர்களை இழுத்துக் கொண்டு நடக்கும் குழந்தைகளைப் பார்த்தார். ஏவுகணைக்கு உருவாக்கிய இலேசான கலவைப் பொருளைக் கொண்டே சுமார் 300 கிராமில் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். தமக்குப் பேரின்பம் தந்த செயல்களில் ஒன்றாக அவர் இதைப் பல மேடைகளில் சொன்னதுண்டு. “என் காலத்துக்கு வராமல் போயிற்று” என்றார்கள் அத்தை. இந்தியாவில் இளம்பிள்ளைவாதம் ஒழிந்துவிட்டதாக 2014 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. என் வயதில் அந்நோயால் நடக்க முடியாமல் போனவரை நான் பார்த்ததே இல்லை.

பிற்பகல் தனுஷ்கோடி. சாலையில் ஒரு தொல்லையும் இல்லை. தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் சாலையிலிருந்து சிறிது தூரத்தில் தெரிந்தன. நாற்காலியை மணலில் இறக்கியவுடன் முன்சக்கரங்கள் புதைந்து நின்றுவிட்டன. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோமல்லவா? அத்தையும் நாற்காலியுமாக 75 கிலோ. அதைத் தாங்குவதோ விரலகலச் சக்கரங்கள். பரப்பு குறைய அழுத்தம் கூடும். உலர்ந்த மணல் விலகிவிடும். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதன் காரணமும் இதுவே. வெளிநாட்டுக் கடற்கரைகளில் பலூன் போன்ற பருத்த சக்கரமுள்ள நாற்காலிகள் உண்டு. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, பின்பு சரி செய்தார்கள். எங்களிடம் பலூன் சக்கரமும் இல்லை, மரப்பாதையும் இல்லை.

நாற்காலியைத் திருப்பி, முன்சக்கரங்களை மேலே தூக்கியபடி பின்னோக்கி இழுத்துப் பார்த்தோம். சிறிது தூரம் நகர்ந்தது. அங்கே வலை உலர்த்திக் கொண்டிருந்த மீனவர்கள் இதைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார்கள். மூத்தவர் எங்களிடம் பேசவில்லை, நேரே அத்தையிடம், “அக்கா, எப்படிக் கொண்டு போகட்டும்?” என்று கேட்டார். அத்தையின் முகம் மலர்ந்ததைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. படகுக்கு அருகில் கிடந்த நான்கு பலகைகளை எடுத்து வந்து இரண்டிரண்டாக முன்னே போட்டார்கள். நாற்காலி கடந்தவுடன் பின்பலகைகளை எடுத்து மறுபடி முன்னே வைத்தார்கள். அத்தை கட்டளையிட, பலகைகள் மாறி மாறி நகர்ந்தன. இருபது நிமிடத்தில் சுவரருகே போய்ச் சேர்ந்தோம்.

சுவர் பவளப்பாறைக் கல்லால் ஆனது. தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அத்தை இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக் கொண்டு, எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, பேசாமல் இருந்தார்கள். கூரை இல்லாததால் மேலே வானம் தெரிந்தது. அப்பா கடலைப் பார்ப்பது போலத் திரும்பி நின்று கொண்டார்கள்.

திரும்பும் வழியில் காரிலேயே அத்தை ஒரு தாளில் அளவுகளைக் குறித்தார்கள்: கதவு 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் இடம், படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், தரை மணலா, கல்லா, சிமெண்டா. ‘வசதி உண்டா’ என்ற கேள்வியை எழுதி அடித்துவிட்டார்கள். அடுத்தது புனித அருளானந்தர் 1693-இல் வேதசாட்சியாக உயிர்விட்ட ஓரியூராம். அங்கே மணல் சிவப்பு. காலாண்டு விடுமுறைக்குள் கோயில் வாசலில் எத்தனை படிகள் என்று கேட்டு எழுதும் வேலை எனக்கு.