பில் இல்லாத ரிப்பேர், பெயின்ட் அடித்த பழைய சாமான்

கேள்வி: அப்பா வைத்திருந்த 1968-ம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை நான் ஓட்டுகிறேன். முன்சக்கரத்தில் ஆட்டம் வந்ததால் வேலூரில் ஓர் ஒர்க்ஷாப்பில் விட்டேன். புஷ், பால் ஜாயின்ட், டிரன்னியன் எல்லாம் புதிதாகப் போட்டதாகச் சொல்லி, பேசிய 38,000 ரூபாயில் 29,000 வாங்கினார்கள்; பில் தரவில்லை. மூன்றே வாரத்தில் மலைப்பாதை வளைவில் ஸ்டீயரிங் இறுகியது. போளூர் மெக்கானிக் கழற்றிப் பார்த்து, “பழைய சாமானுக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க” என்றார். வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டால், மீதி 9,000 தராமல் வெளியே விட மாட்டோம், பழைய வண்டிக்கு கியாரண்டி கிடையாது என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: முதலில் அந்த 9,000 ரூபாயைக் கட்டி வண்டியை வெளியே எடுங்கள். கசப்பான யோசனைதான். ஆனால் உங்கள் வழக்கின் ஒரே வலுவான சாட்சி அந்த டிரன்னியன், அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்பக்க இரும்புத் தண்டு சுழலும் வெண்கலக் கூடு. அது இப்போது எதிராளியின் கூரைக்குக் கீழே இருக்கிறது. நாளைக்கே மாற்றிவிட்டால் உங்களிடம் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, ஜிபே மூலம் கட்டுங்கள். ரொக்கம் வேண்டாம்.

அவர்கள் பிடித்துவைப்பது சட்டப்படி சரியா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 170, கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமையை மெக்கானிக்குக் கொடுக்கிறது. ஒப்புக்கொண்ட வேலையை முறைப்படி செய்தவருக்குத்தான் அது பொருந்தும். இவர்களுக்குப் பொருந்தாது என்றே வாதாடலாம். வாதாடி முடியும்வரை சாட்சி அங்கேயே கிடக்கும் என்பதுதான் சிக்கல்.

வண்டி கைக்கு வந்ததும் வேறு மெக்கானிக்கைக் கொண்டு கழற்றி, வீடியோ எடுத்து, பாகங்களைப் பையில் போட்டுத் தேதியெழுதி வையுங்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயர் அல்லது ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரின் எழுத்துபூர்வ அறிக்கையும், போளூர் மெக்கானிக்கின் பிரமாணப் பத்திரமும் சேர்ந்தால் பில் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. சொல்லப்போனால், பில் கொடுக்காததும், பழைய சாமானைப் புதிது என்று சொல்வதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ன்படி நியாயமற்ற வணிக முறைகள். ‘பழைய வண்டிக்கு கியாரண்டி இல்லை’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. வண்டிக்கு வயதாகலாம், புதிதாகப் போட்டோம் என்று காசு வாங்கிய சாமானுக்கு வயதிருக்கக் கூடாது.

ஒர்க்ஷாப் வேலூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். அதே சட்டத்தின் பிரிவு 34 அதற்கு இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை (இதை நானே சொல்வது தொழிலுக்கு நல்லதல்ல). பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கம் தயாரான ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதே அடிச்சட்டத்தில் பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் முன்பக்க டிரன்னியன் ஒரே கதைதான்: ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்புத் தண்டின் மரை வெண்கலக் கூட்டுக்குள் சுழலும். அதற்கு கியர் ஆயில் ஊற்ற வேண்டும். கிரீஸை அடித்தால் மரை காய்ந்து, துருவேறி, ஒருநாள் தண்டே முறிந்து சக்கரம் மடங்கும். ஆகவே ‘நீங்கள்தான் ஆயில் விடவில்லை’ என்பார்கள். மூன்று வாரத்தில் அவ்வளவு தேய்மானம் வருமா என்று உங்கள் நிபுணரின் அறிக்கையிலேயே கேட்டு வாங்குங்கள். உள்ளே கிரீஸ் இருந்தால் அதையும் படமெடுங்கள். அடித்தவர் யார் என்பது முக்கியம்.

இன்ஷூரன்ஸை எதிர்பார்க்காதீர்கள், தேய்மானத்துக்கு பாலிசி பணம் தராது. பழுதைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியை மலையில் இறக்கவே வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள். ஆபத்தான பழுது என்று தெரிந்தும் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190 உங்கள் மீதுதான் பாயும். விபத்தில் ஆள் காயப்பட்டால் 3 மாதம் வரை சிறைகூட உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.