நான்காண்டுச் சிள்வண்டு: வகையும் வாழிடமும்

சிள்வண்டு என்று நாம் வழங்கும் பூச்சி உண்மையில் வண்டினத்தைச் சேர்ந்ததன்று. வண்டுகளுக்குக் கடித்து மெல்லும் வாயுறுப்புகளும் கெட்டியான மேற்சிறகுகளும் உண்டு. சிள்வண்டுக்கோ ஊசி போன்ற உறிஞ்சுகுழலும் மெல்லிய சவ்வாலான இரண்டு இணைச் சிறகுகளும் உள்ளன. ஆதலின் விஞ்ஞானிகள் இதனை மூட்டைப்பூச்சி, அசுவினி முதலியவை அடங்கிய ஹெமிப்டெரா வரிசையில், சிகாடிடே என்னும் குடும்பத்தில் வைத்துள்ளனர். உலகில் இதுவரை மூவாயிரத்திற்கும் மேற்பட்ட சிள்வண்டு இனங்களுக்குப் பெயரிடப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் வாழ்கின்றது. ஓர் இனத்தின் பரவலை அறிய இடத்தைப் போலவே காலத்தையும் கணக்கிட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் நாட்டில் அரிது.

இப்பூச்சியை அப்பகுதி மக்கள் 'நியாங்தாசெர்' என்று நெடுங்காலமாக அறிந்திருந்தனர். எனினும் அறிவியல் ஏடுகளில் இதற்கு 2013 வரை இடமில்லை. அவ்வாண்டில் ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஹாஜோங் என்பவரும், மலேசியாவைச் சேர்ந்த யாக்கோப் என்பவரும் இதனைப் புதிய இனமென விவரித்து, 'கிரெமிஸ்டிகா ரிபோய்' என்று பெயரிட்டனர். பெயரின் முதற்பகுதி பேரினத்தைக் குறிப்பது. அப்பேரினத்தை 1870இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்டோல் நிறுவினார். பிற்பகுதி மாவட்டத்தின் பெயர்.

சிள்வண்டுகளை இனம் பிரிப்பது எளிதன்று. நிறமும் அளவும் ஓரினத்திற்குள்ளேயே மாறுபடுவதுண்டு. ஆகவே தலை, மார்பு ஆகியவற்றின் அமைப்பு, சிறகு நரம்புகள், ஆணின் ஒலியுறுப்பை மூடும் தகடு, இனப்பெருக்க உறுப்பின் வடிவம் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தே முடிவு கூறுவர். ஆண் பூச்சியின் வயிற்றின் அடிப்பகுதியில் இருபுறமும் உள்ள விறைத்த சவ்வுகள் தசைகளால் உள்ளிழுக்கப்பட்டு மீளும்போது ஒலி எழுகின்றது. அவ்வொலியும் இனத்துக்கு இனம் வேறுபடுமாதலால், அதுவும் வகைப்பாட்டிற்குத் துணை செய்கின்றது.

இனி இதன் வாழ்க்கையை நோக்குவோம். சிள்வண்டின் இளம் பூச்சிகள் மண்ணுக்குள் வாழ்ந்து, வேர்களில் ஓடும் சாற்றை உறிஞ்சி மெல்ல வளர்கின்றன. முன்கால்கள் மண் தோண்டுவதற்கு ஏற்றவாறு தடித்துள்ளன. வளர்ச்சி நிறைந்ததும் அவை மேலே வந்து, தோலுரித்துச் சிறகு பெறுகின்றன. பல இனங்களில் ஆண்டுதோறும் ஒரு பகுதி வெளிவரும். ரி-போய் இனமோ நான்காண்டுக்கு ஒரு முறை பெருந்திரளாக வெளிவருகின்றது. 2010, 2014, 2018, 2022 ஆகிய ஆண்டுகள் அத்தகையவை. கால்பந்து உலகக் கோப்பைப் போட்டியும் இதே ஆண்டுகளில் நடைபெற்றமையால், 'உலகக் கோப்பைச் சிள்வண்டு' என்னும் பெயரும் இதற்கு வழங்கலாயிற்று.

இதனால் விளையும் சிக்கலைக் கவனித்தல் வேண்டும். 2015இலோ 2016இலோ ஓர் ஆராய்ச்சியாளர் அக்காட்டிற்குச் சென்றிருந்தால், இவ்வினத்தின் பெருந்திரள் எதனையும் கண்டிருக்கமாட்டார். அவர் 'இங்கு இல்லை' என்று குறித்திருந்தால் அது பிழையாகும். பூச்சி அவர் காலடி மண்ணிலேயே இருந்திருக்கும். ஆகவே இத்தகைய இனத்தின் பரவற் படத்தில் இடத்தோடு ஆண்டும் குறிக்கப்படல் வேண்டும். 13 அல்லது 17 ஆண்டுக்கு ஒரு முறை தோன்றும் சிள்வண்டுகள் வாழும் அமெரிக்காவில், மார்லட் என்பார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டு வரிசைப்படி ஒவ்வொரு கூட்டத்திற்கும் ரோமானிய எண்ணிட்டு இம்முறையை ஏற்படுத்தினார்.

பெருந்திரளாக வெளிவருவதே இப்பூச்சிகளுக்குக் காவல் என்பர். பறவைகளும் பிற விலங்குகளும் வயிறார உண்ட பின்னரும், முட்டையிடப் போதிய அளவு மிஞ்சிவிடும். எண்ணிக்கை ஓர் அளவிற்குக் கீழே குறைந்தால் இக்காவல் பயன்படாது. அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பதினோராம் எண் கூட்டம் 1954இல் இறுதியாகக் காணப்பட்டது. 1971இல் அது வந்திருக்க வேண்டும், வரவில்லை.

ரி-போய் மக்கள் இப்பூச்சியை இரவில் சேகரித்து உணவாகவும் மீன்பிடி இரையாகவும் பயன்படுத்துகின்றனர். பழமையான இவ்வழக்கத்தைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று; இப்பூச்சியின் வருகை ஆண்டை முதலில் கணக்கிட்டறிந்தவர்கள் அவர்களே. ஆயினும் சிறகு விரிந்த அன்றே பிடிபடும் பெண் பூச்சி முட்டையிடாமலே மடிகின்றது. அவ்விழப்பு எத்துணை என்பது அடுத்த நான்காண்டிற்குப் புலப்படாது. ஆகவே ஒவ்வொரு வருகை ஆண்டிலும் ஊர்தோறும் பூச்சி தோன்றிய இடத்தையும் நாளையும் ஏறத்தாழ எவ்வளவு வந்தது என்பதையும் ஊராரே குறித்து வைத்தல் நலம். 2022க்குப் பின் இக்கணக்கில் வருவது 2026. அதன் பின் 2030. முன் ஆண்டின் குறிப்பு கையில் இருந்தால்தான் பின் ஆண்டின் குறைவு கண்ணுக்குத் தெரியும்.