கையைக் கடிக்காத பொழுதுபோக்குகள்

சம்பளம் வந்ததும் வாடகை, பால், மளிகை, பள்ளிக் கட்டணம், சீட்டு என்று பிரித்து வைத்த பிறகு, தனக்கென்று ஒதுக்கப் பத்து ரூபாய்கூட மிஞ்சாத வீடுகள்தான் நம்மில் அதிகம். அதனாலேயே மனசுக்குப் பிடித்ததைச் செய்யும் ஆசையை "கொஞ்சம் வசதி வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளி வைக்கிறோம். அப்படித் தள்ளி வைக்க அவசியமே இல்லை. வீட்டில் கிடக்கும் பொருட்கள், நாம் கட்டிய வரியில் நடக்கும் நூலகம், தலைக்கு மேல் இருக்கும் வானம் இவற்றை வைத்தே தொடங்கிவிடலாம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முதல் மாதச் செலவு 100 ரூபாயைத் தாண்டாது.

1. முதல் மாதம் கருவிகளுக்குச் செலவு செய்யாதீர்கள். ஓவியம் என்றால் உடனே விலை உயர்ந்த கலர் பெட்டி, தோட்டம் என்றால் உடனே இருபது குரோ பேக் என்று வாங்கிக் குவித்த பின் ஆர்வம் வடிந்துவிட்டால், பொருளும் பரணுக்குப் போகும், அடுத்த ஆசைக்கும் வீட்டில் தடை விழும். பென்சில், பழைய டைரி, விரிசல் விட்ட வாளி, இவற்றோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் கை அதையே தேடினால் வாங்கலாம். அப்போதும் தெரிந்தவர்கள் வீட்டில் சும்மா கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

2. கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. 1948-இல் வந்த சென்னை பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வாடகை வழியாக அதைக் கட்டுபவர்கள்தான். ஆகவே நூலகத்தில் போய் உட்கார்வதற்கு யாரும் தயங்க வேண்டாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சிறிய காப்புத்தொகையும் சந்தாவும் கட்டினால் போதும். முகவரிச் சான்றைக் கையோடு கொண்டு போங்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் (1896), கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் (2010), மதுரைக்காரர்கள் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் (2023) ஒரு முழு நாளை ஒதுக்கிப் பிள்ளைகளோடு போய் வரலாம். பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும்தான் செலவு.

3. நூலகம் தூரம் என்றால் செல்போனிலேயே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்திலும் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் வரை காசில்லாமல் கிடைக்கின்றன.

4. தோட்டம் போட ஆசையா? கீரையில் தொடங்குங்கள். தக்காளி, ரோஜா என்று ஆரம்பித்துப் பூச்சியிலும் வாடலிலும் மனம் நொந்து விட்டவர்கள் நிறையப் பேர். கீரை ஒரே மாதத்தில் பலன் காட்டிவிடும். 25 கிலோ அரிசிப் பையைப் பாதியாக மடித்து, அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய சாணம் மூன்றையும் சம அளவில் கலந்து முக்கால் பாகம் நிரப்புங்கள்.

முளைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு தேக்கரண்டி விதைக்கு இரண்டு கைப்பிடி உலர்ந்த மணல் கலந்து தூவினால் பரவலாக விழும். மேலே மெல்லிய படலமாக மண் தூவினால் போதும், ஆழமாகப் புதைந்தால் முளைக்காது. குவளையால் தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பழைய தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் பத்து ஓட்டை போட்டுத் தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும் என்பதால் பையைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள்தூள் தூவி வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும், 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். முளைக்கீரையை வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையை மட்டும் விரல் உயரம் விட்டுக் கிள்ளுங்கள், மறுபடி மறுபடி துளிர்க்கும்.

விதை வாங்கவே வேண்டாம் என்றால் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற வெந்தயம் போதும். கொத்தமல்லி விதையைப் பூரிக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும், முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கடையில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிய பிறகு தண்டை எறியாமல் டம்ளர் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும்.

5. பைகளையும் தொட்டிகளையும் மொட்டை மாடித் தரையில் நேரடியாக வைக்காதீர்கள். அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். தளத்தில் ஈரம் இறங்காது. வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கும் நிலையும் வராது.

6. பறவை பார்க்க பைனாகுலர் வேண்டியதில்லை. காலை ஆறரை மணிக்கு ஜன்னல் ஓரமோ மொட்டை மாடியோ, ஏதாவது ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். காகம், மைனா, புறா என்று எழுதத் தொடங்கும் பட்டியல், ஒரு மாதத்தில் செம்போத்து, கொண்டலாத்தி, மீன்கொத்தி, தவிட்டுக்குருவி என்று நீளும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானை, அதாவது இரட்டைவால் குருவியை, கொஞ்ச நேரம் கவனியுங்கள். மற்றப் பறவைகளின் குரலில் கத்துவது அதன் பழக்கம். வல்லூறின் குரலைக்கூட அது எழுப்பும். வீட்டருகே அகன்ற இலைச் செடி இருந்தால் தையல்சிட்டைத் தேடுங்கள். இலையின் இரண்டு ஓரங்களையும் அலகால் துளைத்து, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்து அதற்குள் கூடு கட்டும் பறவை அது. தேன்சிட்டு துணி காயப்போடும் கொடியிலேயே கூட்டைத் தொங்கவிடும். அப்படித் தொங்கினால் குஞ்சுகள் பறக்கும்வரை அந்தக் கொடியை விட்டுக்கொடுத்துவிடுங்கள், துணியை வேறு இடத்தில் காயப்போடலாம்.

ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். உங்கள் தெருவில் குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்த பறவைகளை ஈபேர்டு இணையதளத்தில் பதிவிட்டால் நீங்களும் அதில் பங்கேற்றவர்தான். கட்டணம் கிடையாது.

7. மண் தட்டில் தண்ணீர் வைத்தால் பறவைகள் தானாக வரும். தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும். தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது.

8. இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது நட்சத்திரம் பார்ப்பது. ஒரு பைசா செலவில்லை, குடும்பமே சேர்ந்து செய்யலாம். உங்கள் வீட்டில் யாருக்கு ரோகிணி, யாருக்குத் திருவாதிரை, யாருக்குச் சித்திரை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நட்சத்திரத்தை வானத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பிள்ளையின் பிறந்த நட்சத்திரத்தையே அவனுக்குக் காட்டுங்கள், அன்றைக்கே அவனுக்கு வானம் பிடித்துப்போகும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரவு எட்டு மணிவாக்கில் மொட்டை மாடிக்குப் போங்கள். ஒரே கோட்டில் நெருக்கமாக மூன்று நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பகுதி அது. அதன் அருகே செக்கச் சிவந்து தெரிவது திருவாதிரை. மூன்று நட்சத்திரக் கோட்டை மேற்கு நோக்கி மனதால் நீட்டினால் இன்னொரு செந்நிற நட்சத்திரம் வரும், அது ரோகிணி. இன்னும் கொஞ்சம் தாண்டினால் சிறு கொத்தாகக் கார்த்திகை. நல்ல கண் இருந்தால் ஆறு நட்சத்திரங்களை எண்ணலாம். அதே கோட்டை எதிர்ப்பக்கம், தென்கிழக்காக நீட்டினால் இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். அதற்குக் கீழே தெற்கில் தாழ்வாக ஜொலிப்பது அகத்தியர் நட்சத்திரம், பிரகாசத்தில் அதற்கு இரண்டாம் இடம். வட இந்தியாவைவிட நமக்கு அது உயரத்தில் தெரிவது தெற்கே இருப்பதன் நன்மை.

ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைக் கண்டுபிடித்து, அதன் வால் வளைவை அப்படியே தொடர்ந்தால் சுவாதி, மேலும் நீட்டினால் சித்திரை. டிசம்பர் 13, 14 தேதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு ஜெமினிட் எரிகற்கள் விழுவதைப் பார்க்கலாம், பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் கழுத்து வலிக்காது. சந்தேகம் வந்தால் ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலி பெயர் சொல்லும். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கலாம்.

9. கோலம் தினசரி வேலையாகிவிட்டதால் அதைப் பொழுதுபோக்காகவே நாம் நினைப்பதில்லை. மதியம் அரை மணி நேரம், கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் சிக்குக் கோலம் போட்டுப் பாருங்கள். வரிசைக்கு 5 புள்ளி, 5 வரிசை நேர்ப்புள்ளி. எந்தப் புள்ளியையும் கோடு தொடக் கூடாது, எல்லாப் புள்ளியையும் சுற்றி வர வேண்டும், தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். ஒரே இழையில் முடிகிறதா, இரண்டு மூன்று இழை வருகிறதா என்று பாருங்கள். இரண்டு இழை வந்தால் எந்த இடத்தில் வளைவை மாற்றினால் ஒன்றாகும் என்று யோசியுங்கள். இதில் உண்மையான கணிதம் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970-களில் கோலங்களை வைத்துக் கணினியியல் ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். கணக்கென்றால் பயப்படும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

10. பல்லாங்குழிப் பலகை இல்லையென்றால் 14 கொட்டாங்குச்சிகளை ஏழு ஏழாக இரண்டு வரிசை வையுங்கள். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. சாக்பீஸ் இருந்தால் தரையில் ஆடுபுலி ஆட்டமும் தயார். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். மின்சாரம் போன மாலைகளில் இவற்றுக்கு ஈடில்லை. சதுரங்கம் பிடித்தவர்கள் லிச்செஸ் தளத்தில் கட்டணமும் விளம்பரமும் இல்லாமல் ஆடலாம்.

11. தையல் கடையில் வெட்டுத்துணி கேளுங்கள். பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். நைந்த வேட்டியில் சங்கிலித் தையல், காம்புத் தையல் இரண்டையும் பழகுங்கள், இந்த இரண்டிலேயே பூவும் கொடியும் போட்டுவிடலாம். எம்ப்ராய்டரி நூல் ஆறு இழையாக இருக்கும், இரண்டு இழையாகப் பிரித்துக் கோத்தால் தையல் நுணுக்கமாக வரும், ஒரு கண்டு மூன்று மடங்கு உழைக்கும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டினால் முடிச்சு விழும்.

12. தபால்தலை சேகரிக்க டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய கடிதங்களில் தொடங்குங்கள். உறையிலிருந்து பிய்த்து எடுக்காதீர்கள். தபால்தலை இருக்கும் பகுதியைச் சுற்றிலும் இடம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள், தானாகக் கழன்றுவரும். முகம் கீழே இருக்கும்படி செய்தித்தாளில் உலர்த்தி, பிறகு கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். முத்திரையின் ஊரும் தேதியும் தெளிவாகத் தெரிகிற உறையாக இருந்தால் வெட்டவே வேண்டாம், முழு உறையாக வைப்பதுதான் மதிப்பு. பசை போட்டு ஒட்டுவது எக்காலத்திலும் கூடாது.

13. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். எல்லா செல்போனிலும் குரல் பதிவு வசதி இருக்கிறது. "உங்க கதையைச் சொல்லுங்க" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்பார்கள். "பாட்டி, உங்க ஊர்ல தீபாவளிக்கு முதல்ல என்ன பலகாரம் சுடுவீங்க?" என்று சின்னதாகக் கேளுங்கள். தாலாட்டு, விடுகதை, சொலவடை எல்லாம் வரிசையாக வரும். பழைய படங்களைக் காட்டி யார் யாரென்று கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். பதிவுகளை மின்னஞ்சலிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள்.

14. பிழை கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இருந்தால் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பாருங்கள். பழைய நூலின் பக்கப் படத்தையும் தட்டச்சான எழுத்தையும் அருகருகே வைத்துத் திருத்துகிற வேலை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் செய்தாலும் அது நூலாகச் சேரும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

15. "நல்லா இருக்கே, வித்தா காசு பார்க்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். விற்பது தவறில்லை. ஆனால் ஆர்டர், கெடு, பாக்கி என்று வந்துவிட்டால் அது இன்னொரு வேலை. உங்களுக்கென்று இருந்த ஒன்றும் போய்விடும். குறைந்தது ஒரு பொழுதுபோக்கையாவது காசு கேட்காத இடத்தில் வைத்திருங்கள்.

16. கடைசியாக, வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு. நம் வீடுகளில் பணத்தைவிட நேரம்தான் தட்டுப்பாடு, அதிலும் பெண்களுக்கு. அம்மாவோ மனைவியோ மருமகளோ கோல நோட்டோடு உட்கார்ந்தால் அந்த அரை மணி நேரத்தில் காபி கேட்காதீர்கள். அடுப்பில் பால் பொங்கினால் நீங்களே எழுந்துபோய் இறக்கி வையுங்கள்.